தேங்காய் உடைத்தால் கத்தி சில்லு பெயர்வது ஏன்? இதுதான் காரணம்!

விலை உயர்ந்த ஜப்பான் கத்தியால் தேங்காயில் ஒரே போடு போட்டால், கூர் விளிம்பு சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளுக்கோ ஒண்ணும் ஆகாது.

கடினம் வேறு, அடி தாங்கும் திறன் வேறு. ஜப்பான் கத்திகள் பலவற்றின் கடினத்தன்மை ராக்வெல் அளவில் 60-ஐத் தாண்டும். கூர் நிற்கும், ஆனா அதிர்ச்சி தாங்காது. ஸ்பிரிங் எஃகில் கார்பன் சுமார் 0.6 சதவீதம்தான். வளைந்து கொடுக்கும், சட்டென உடையாது.

வடிவமும் முக்கியம். பக்கத்துக்கு 15 டிகிரியில் தீட்டிய மெல்லிய விளிம்பு தக்காளிக்கு சூப்பர், எலும்பில் பட்டால் போச்சு! அதே கத்தியை 20 டிகிரிக்கு மேல் தீட்டினால், விளிம்பை ஒட்டி எஃகு தடிமனாக நிற்கும். அடியும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். 'செம ஹார்டு ஸ்டீல்' என்று கேட்டு வாங்குபவர்கள் கவனிக்காதது இதைத்தான்.

பெயர்ந்த சில்லு குழம்பில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. தேங்காய்க்கு அரிவாளையே எடுங்க.