முற்றும் என்றொரு சுழியம்

வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்கள் நாம். 'தொடரும்' என்றிருந்தால் காத்திருப்போம். 'முற்றும்' என்றிருந்தால் இதழை மூடிவைப்போம். இரண்டுமின்றிப் பக்கம் முடிந்தால், தாள் கிழிந்துவிட்டதோ என ஐயுறுவோம்.

இணையத்தின் தொடக்க காலத்தில் உலாவிக்கு இந்த ஐயம் தீரவே இல்லை. 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதல் எச்.டி.டி.பி. நெறிமுறையில், வழங்கி இணைப்பைத் துண்டிப்பதே பக்கம் முடிந்ததன் அடையாளம். இடைவழியில் இணைப்பு அறுந்தாலும் அதே அடையாளந்தான். 1996இல் ஆவணமான 1.0 பதிப்பு, பக்கத்தின் நீளத்தை முன்கூட்டியே அறிவிக்க இடந்தந்தது. ஆனால் இன்னும் உருவாகி முடியாத பக்கத்தின் நீளத்தை யார் அறிவார்?

1997 ஜனவரியில் வெளியான 1.1 பதிப்பு இதற்கு விடை கண்டது. பக்கத்தைத் துண்டு துண்டாக அனுப்பலாம். ஒவ்வொரு துண்டின் முன்னும் அதன் அளவு வரும். இறுதியாக, அளவு 0 என்றொரு வெற்றுத் துண்டு. அந்தச் சுழியமே 'முற்றும்'. அனைத்தும் ஆயத்தமாகும்வரை காத்திராமல் வழங்கி பேசத் தொடங்கலாம். சுழியம் வராமல் இணைப்பு நின்றால், பேச்சு பாதியில் அறுந்ததென உலாவி தெளியலாம்.

2015இல் வந்த இரண்டாம் பதிப்பு இத்துண்டு முறையைக் கைவிட்டு வேறு முறையை ஏற்றது. முடிவை வெளிப்படையாகச் சொல்லும் நெறியை மட்டும் அது கைவிடவில்லை.