தொப்புள்கொடியின் சாட்சியம்

'தொப்புள்கொடி உறவு' என்னும் தொடரை மேடையிலும் வகுப்பறையிலும் நாம் தயக்கமின்றிக் கையாண்டு வருகிறோம். அக்கொடியே ஓர் ஆலைக்கு எதிரான சாட்சியாக நின்ற ஊர் ஒன்று உண்டு. ஜப்பானின் கியூஷூ தீவில், சிரானுய் கடலோரம் உள்ள மினமாட்டா அது.

அங்கிருந்த சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. வினையூக்கியாகப் பயன்பட்ட பாதரசத்தின் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறிக் கழிவுநீரோடு கடலில் கலந்தது. மீனிலும் சிப்பியிலும் சேர்ந்து மீனவர் வீட்டு உணவாயிற்று. கைகால் மரத்து, பார்வை குறுகி, நாக்குழறி மக்கள் வீழ்ந்தனர். 1956 மே 1 அன்று, ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹொசோகாவா ஹஜிமே இந்நோயைச் சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். 1959இல் ஆலைக் கழிவை ஊட்டிய பூனை ஒன்று அதே நோய்க்கு ஆளானதை அவர் கண்டார். நிர்வாகம் அம்முடிவை வெளியிடவில்லை.

அதே ஆண்டுகளில் அவ்வூரில் தலை நிற்காத, பேச்சு வராத குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தனர். மீனே உண்ணாத சிசுவுக்கு மீன்வழி நோய் எவ்வாறு வரும்? கருவை எட்டாதவாறு நஞ்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்பதே அன்றைய மருத்துவ நம்பிக்கை. தமிழ் அவ்வுறுப்புக்கு இட்ட பெயரிலேயே நஞ்சு இருப்பதை எண்ணி நாம் திடுக்கிடுகிறோம்.

1961இல் ஹராடா மசசுமி என்னும் இளம் மருத்துவர் ஒரு வீட்டில் உடன்பிறந்த சிறுவர் இருவரைக் கண்டார். இருவருக்கும் அறிகுறிகள் ஒன்றே. ஆயினும் மூத்தவனுக்கு மட்டுமே மினமாட்டா நோய். இளையவனுடையது வேறு பிறவிக் குறை என வகுக்கப்பட்டிருந்தது. தான் உண்ட மீனின் நஞ்சே வயிற்றிலிருந்த பிள்ளையைச் சேர்ந்தது என்றார் தாய். 1962 நவம்பரில், இறந்த குழந்தை ஒன்றின் உடற்கூறாய்வுக்குப் பின், 16 குழந்தைகளுக்குப் பிறவி மினமாட்டா நோய் என ஏற்கப்பட்டது. தாய் கூறியதே மெய்யாயிற்று.

பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு மரப்பேழையில் காத்து வைப்பது ஜப்பானியர் வழக்கம். ஹராடா அக்கொடிகளைத் திரட்டினார். உடனாய்வாளருடன் 1975இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஆலையின் உற்பத்தி பெருகிய ஆண்டுகளில் பிறந்தோரின் கொடிகளில் மெத்தில் பாதரசம் மிகுந்திருந்ததைக் காட்டியது. அன்பின் நினைவாகத் தாயர் பொதிந்து வைத்தது ஆவணக் காப்பகமாயிற்று.

அரசோ, ஆலை அவ்வுற்பத்தியை நிறுத்திய பிறகே, 1968 செப்டம்பரில், ஆலைக்கழிவே காரணம் என ஒப்புக்கொண்டது. 1973இல் குமமோட்டோ நீதிமன்றம் நிறுவனத்தைக் குற்றப்படுத்தியது. அவ்வூரில் வாழ்ந்த இஷிமுரே மிச்சிகோ நோயாளிகளின் வாழ்வை அவர்தம் வட்டார வழக்கிலேயே 1969இல் நூலாக்கினார்.

இன்றும் ஆலைப்புறத்து ஊர்களில் குறையோடு பிள்ளை பிறந்தால் ஊழ் என்றோ உறவுமுறைத் திருமணம் என்றோ கூறி நாம் எளிதாக அமைந்துவிடுகிறோம். சில இடங்களில் அதுவே காரணமாகவும் இருக்கலாம். ஆனால் அவ்வாறு தீர்ப்பதற்கு முன், பெற்றவள் என்ன சொல்கிறாள் என்று ஒருமுறை கேட்க வேண்டும்.