கல்லறைக் குன்றில் ஓடுகிறவர்கள்

நியூயார்க் நகரம் பிராங்க்ஸ் பகுதியில் வான் கோர்ட்லாண்ட் பூங்கா என்று ஒன்று. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே கிராஸ் கன்ட்ரி ஓடுகிறார்கள். பாதை சமமான மைதானத்தில் தொடங்கி, காட்டுக்குள் ஏறி இறங்கிச் சுற்றி வரும். அங்குள்ள ஒரு மேட்டுக்கு ஓட்டக்காரர்கள் வைத்த பெயர் செமெட்ரி ஹில், அதாவது கல்லறைக் குன்று.

வரலாறு எடுத்த வாத்தியாருக்குப் பெயரைக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? அந்த நிலம் வான் கோர்ட்லாண்ட் குடும்பத்தின் பண்ணை. 1748ல் அவர்கள் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. குடும்பக் கல்லறை இந்தக் குன்றின் மேல். 1776ல் போர் நெருங்கியபோது, நகர எழுத்தராக இருந்த அகஸ்டஸ் வான் கோர்ட்லாண்ட் நகரத்தின் ஆவணங்களை அந்தக் கல்லறைக்குள்தான் ஒளித்து வைத்தார். எந்தத் தாலுகா ஆபீஸிலும் இப்படி ஒரு ரெக்கார்டு ரூம் இருந்திருக்காது! 1888ல் நிலம் நகரத்தின் கைக்கு வந்தது.

இதுவரை எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பண்ணையின் வயலிலும் மாவு ஆலையிலும் உழைத்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். அவர்களைப் புதைத்த இடம் குன்றின் மேல் இல்லை, கீழே ஏரிப் பக்கம். அந்த வழியாக ரயில் பாதை போட்டபோது எலும்புகள் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். எசமானர் கல்லறையின் பெயர் தலைமுறை தலைமுறையாக ஓடுகிற பிள்ளைகள் வாயில் இருக்கிறது. கீழே கிடப்பவர்களின் இடுகாட்டுக்கு நகரம் முறைப்படி பெயர் சூட்டியது 2021ல்.