முந்திரிகை இரசமும் வினாகிரியும்

கொட்டாஞ்சேனைக் குசினிகளில் வைனின் பெயர் அன்றாடம் புழங்குகிறது. அது இருக்கும் இடம் வினாகிரிப் போத்தல். போர்த்துக்கேயரின் 'வினாக்ரே'தான் நம் வாயில் வினாகிரியானது. சிங்கள அயலவரும் அப்படியே சொல்கிறார்கள். முன்பாதி வைன், பின்பாதி புளிப்பு. நாமோ தென்னங்கள்ளைப் புளிக்க வைத்து வினாகிரி எடுக்கிறோம். பழம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்தப் பழத்துக்கு நம்மிடம் உள்ள பெயர் அதைவிடப் பழையது. வடமொழியில் 'மிருத்வீகா', பாலியில் 'முத்திகா', தமிழில் முந்திரிகை. சிங்களத்தின் 'மிதி' இதே வேரில் கிளைத்தது. காய்ந்த பழத்தைச் சிங்களவர் 'முத்தரப்பலம்' என்பார்கள். அது நம் முந்திரிகைப்பழமேதான். திராட்சையும் வடமொழி 'த்ராக்ஷா'விலிருந்து வந்ததே. ஆகவே ஒன்று தூய தமிழ், மற்றது இரவல் என்ற வழக்குக்கு இங்கே இடமில்லை.

குழப்பம் பிரேசிலிலிருந்து கப்பலேறி வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கஜு மரத்தை இந்தியக் கரையில் இறக்கினார்கள். புதிய மரத்துக்குத் தமிழர் பழைய பெயரையே இட்டார்கள். ஈழத்தில் அது மரமுந்திரிகை. கொடியின் பழம் அடைமொழி இல்லாமல் முந்திரிகையாகவே நின்றது. தமிழகத்திலோ வந்த மரம் முந்திரி என்ற பெயரை முழுதாக எடுத்துக்கொள்ள, கொடி 'கொடிமுந்திரி' ஆகி, பிறகு திராட்சைக்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டது. மலையாளிகள் நம் பக்கம்: அவர்களுக்கு இன்றும் முந்திரி என்றால் கொடிப்பழம்தான், கஜு மரம் பறங்கிமாவு.

கிறிஸ்மஸ் கேக்குக்குச் சாமான் வாங்கும்போது இந்த வேறுபாடு கண்ணெதிரே தெரியும். எங்கள் பட்டியலில் ரவை, கஜு, முந்திரிகை வற்றல் என்று இருக்கும். சென்னையில் பின்னிரண்டையும் 'முந்திரி, உலர்திராட்சை' என்பார்கள்.

முந்திரிகை வற்றலின் மணம் நன்றாக எழுந்து வரும் சிவப்பு வைன் ஒன்று உண்டு: போர்ட். போர்த்துக்கலின் டூரோ ஆற்றுச் சரிவுகளில் விளையும் பழத்தில் செய்வது. 1756இல் மார்க்கெஸ் தெ பொம்பால் அந்த வட்டாரத்துக்கு எல்லை வகுத்தார். சாறு பொங்கிக்கொண்டிருக்கும்போதே பழச் சாராயத்தை ஊற்றி நொதித்தலை நிறுத்துவதால் இனிப்பு எஞ்சுகிறது. மதுசாரம் சுமார் 20 வீதம் நிற்கிறது. ஒரு வாய் அளவு ஊற்றி, முதலில் மணந்து, பிறகு நாவில் சற்று நிறுத்திப் பாருங்கள். உலர்ந்த பழத்தின் இனிப்பு முன்னே வரும், மெல்லிய துவர்ப்பு பின்னே வரும். அவசரமாக விழுங்கினால் இரண்டாவது கிடைக்காது. போர்ட் என்ற பெயர் போர்த்தோ நகரிலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்குத் துறைமுகம் என்று பொருள்.

நம் பேட்டையில் வைனுக்குப் பெருமை பூசைப் பீடத்தில். கொடிப்பழத்தின் இயற்கையான சாற்றில் செய்த, கெடாத வைனே பூசைக்கு ஆகும் என்பது திருச்சபைச் சட்டம். லூசியாள் பேராலயத்திலும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் அதுவே விதி. யாழ்ப்பாணத்து ரோசேரியன் கன்னியர்மடம் விற்கும் வைன் வேறு ரகம்: கறுவாவும் கராம்பும் மணக்கும் இனிப்புச் சரக்கு.

வைனை முதியவர்கள் இன்னும் முந்திரிகை இரசம் என்கிறார்கள். அச்சில் திராட்சை இரசம் மேலோங்கி வருகிறது. அகராதி தொகுப்போருக்கு ஒரு வேண்டுகோள்: முந்திரிகையை 'இலங்கை வழக்கு' என்று ஓரத்தில் தள்ளாதீர்கள். கொடிப்பழம் அதன் முதற்பொருள்; மரத்துக் கொட்டை இரண்டாவது.