ஊவாவில் மின்சேமிப்பு முதலீடு

இலங்கையின் ஊவா மாகாணத்தில் மின்சாரத்தைச் சேமிக்கும் வழிகளில் இடப்பட்ட முதலீடு, வீட்டு மூலையிலிருந்த கார் பற்றரியில் தொடங்கி இன்று கிரிட் துணைநிலையங்களுக்கான திட்டங்கள் வரை வந்திருக்கிறது. மலைத்தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஓடையில் சுழலும் டர்பைன் இருந்த காலத்திலும் தொழிலாளர் வாழ்ந்த லயங்களில் விளக்கெரிந்தது மண்ணெண்ணெயில்தான். தொலைக்காட்சி பார்க்க விரும்பியவர்கள் ஈய அமில பற்றரியை டவுனுக்குச் சுமந்துபோய்ச் சார்ஜ் ஏற்றி வந்தார்கள்.

1997இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய எரிசக்தித் திட்டம் சூரியத் தகடும் பற்றரியும் சேர்ந்த வீட்டுத் தொகுதிகளுக்குக் கடன் கொடுத்தது. 2002இல் அது முடிந்தபோது ஏறத்தாழ 21,000 வீடுகளில் அவை பொருத்தப்பட்டிருந்தன. 2011 வரை நீடித்த அடுத்த திட்டத்தில் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. ஊவா மாகாண சபை தன் பங்குக்கு மானியமும் தந்தது. ஈய அமில பற்றரியோ பிரான்சின் பிளான்டே 1859இல் கண்டுபிடித்த பழைய சரக்கு. சர்வோதய இயக்கத்தின் நிதி நிறுவனம் போன்றவை இந்தத் தொகுதிகளைத் தவணைக்குக் கொடுத்ததே உண்மையான புதுமை. சில ஆண்டுகளில் பற்றரி செத்தது, மின்கம்பி வந்தது. பல வீடுகளில் தொகுதி கைவிடப்பட்டது. புதுப்பிக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை இன்றைய முதலீட்டாளரும் கேட்டுக்கொள்ளலாம்.

நீரைத் தேக்குவதும் சேமிப்பே. 2024 ஏப்ரல் 24 அன்று திறக்கப்பட்ட உமா ஓயா திட்டம், புகுல்பொல, டயறாப அணைகளின் நீரைச் சுரங்கவழியே நிலத்தடி நிலையத்துக்குக் கொண்டுசென்று 120 மெகாவாட் தருகிறது. தேக்கங்கள் சிறியவை என்பதால் நீண்ட வறட்சிக்கு அவை ஈடுகொடுக்காது. இதற்கு ஈரான் கொடுத்த கடன் அந்நாட்டின் மீதான தடைகளால் நின்றுபோக, இலங்கை அரசு சொந்தப் பணத்தில் வேலையைத் தொடர்ந்தது. சுரங்கம் வெட்டும்போது நீர் கசிந்து பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் வற்றியதும் இந்தக் கணக்கில் சேரும். நீரை மேலேற்றிச் சேமிக்கும் 600 மெகாவாட் திட்டம் ஊவாவுக்கு வெளியே, அரநாயக்க–நாவலப்பிட்டிப் பகுதியில் திட்ட நிலையில் உள்ளது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறைத் துணைநிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதாகச் சொல்லப்பட்டாலும், தேவை குறைந்த பகலில் சூரிய மின்சாரம் மிகுந்திருந்ததும் காரணம். அவ்வாண்டிலேயே இலங்கை மின்சார சபை 16 இடங்களில் தலா 10 மெகாவாட் பற்றரி நிலையங்களுக்குத் தனியாரிடம் விலைமனு கோரியது. பற்றரியில் பகலில் சேமித்து மாலை 6.30 முதல் 10.30 வரை தரும் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு உயர்ந்த விலையும் அறிவிக்கப்பட்டது.

இந்த விலை கூரை உள்ளவருக்கானது. தோட்டங்களில் நிலை வேறு. 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கைமாறியது. மடுல்சீமைக் கம்பனியும் அக்கம்பனிகளில் ஒன்று. லயத்தின் கூரை அங்கு வாழும் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் தனிவீடு பெற்ற குடும்பங்களுக்குக் கூரை உண்டு. ஆனால் உறுதிப்பத்திரம் கையில் இல்லாதவருக்கு வீட்டை ஈடுவைத்து வங்கிக் கடன் பெற வழியில்லை.