இந்தோனேசியாவின் ஷரியா பங்குகளும் இளைஞர்களும்

இந்தோனேசியாவில் ஷரியா நெறிப்படியான சந்தை முதலீடு 1997 ஜூலையில் தொடங்கியது. அரசு நிறுவனமான தானாரெக்சாவின் துணை நிறுவனம் அப்போது நாட்டின் முதல் ஷரியா பரஸ்பர நிதியை வெளியிட்டது. 2000-இல் 30 பங்குகளைக் கொண்ட ஜகார்த்தா இஸ்லாமியக் குறியீடு வந்தது. இடையில் ஆசிய நிதி நெருக்கடி ரூபியாவை உருக்குலைத்திருந்தது. பங்குச் சந்தை சூதாட்டத்தின் மறுவடிவம் என்ற ஐயமும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் இருந்தது.

அந்த ஐயத்துக்கு விடை சொல்லும் பொறுப்பு இந்தோனேசிய உலமா மன்றத்தின் தேசிய ஷரியா வாரியத்திடம் வந்தது. 2003-இல் மூலதனச் சந்தை பற்றியும், 2011-இல் பங்கு வர்த்தக முறை பற்றியும் அது ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வழங்கியது. மது, சூது, வட்டித் தொழில் நடத்தும் நிறுவனங்கள் ஷரியா பங்குகளின் பட்டியலில் சேரா. மற்றவற்றிலும் வட்டிக் கடன் மொத்தச் சொத்தில் 45 சதவீதத்தையும், ஹலால் அல்லாத வருமானம் மொத்த வருமானத்தில் 10 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது நெடுங்கால விதியாக இருந்தது. வட்டியே ஆகாது என்பவருக்கு 45 சதவீதம் வியப்பளிக்கும். ஆனால் வட்டிக் கடனே வாங்காத பெருநிறுவனம் கிடைப்பது அரிது.

ஃபத்வா மனத்தடையை நீக்கியதே தவிர, பணத்தடையை நீக்கவில்லை. குறைந்தது 500 பங்குகள் வாங்க வேண்டும் என்ற விதி மாணவர்களின் கைக்கு எட்டாததாக இருந்தது. 2014 ஜனவரியில் அது 100 ஆகக் குறைந்தது. 2015-இல் பங்குகளைச் சேமிப்பாகக் கருதச் சொல்லும் பிரசாரத்தைச் சந்தை நிர்வாகம் தொடங்கியது. இஸ்லாமியப் பல்கலைக்கழகங்கள் உட்படப் பல வளாகங்களில் முதலீட்டு மையங்கள் திறக்கப்பட்டன. வகுப்புத் தோழரைப் பார்த்துக் கணக்குத் தொடங்கியவர்கள் பலர். ஷரியா பங்குகளை மட்டும், அதுவும் ரொக்கத்துக்கு மட்டும் வாங்க இடம்தரும் இணைய வர்த்தக முறையும் 2011 முதலே இருந்தது.

கைபேசிச் செயலிகளும் 2020-இன் பெருந்தொற்று முடக்கமும் மீதியைச் செய்தன. 2022-இல் இந்தோனேசியாவின் மூலதனச் சந்தை முதலீட்டாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள்.

ஷரியா பங்குகளுக்கு இளைஞர்களை இழுப்பது பக்தியா, லாபமா என்று பல்கலைக்கழக ஆய்வுகள் பல கேட்டிருக்கின்றன, விடைகள் ஒத்துப்போகவில்லை. மார்க்கப் பற்றை முதன்மைக் காரணமாகச் சில காட்ட, வேறு சில நிதியறிவையும் நண்பர்களையும் முன்னிறுத்துகின்றன. ஃபத்வாக்களை ஒட்டி அல்ல, வளாக மையங்களுக்கும் செயலிகளுக்கும் பிறகே கூட்டம் பெருகியதால், காலவரிசை இரண்டாம் தரப்பின் பக்கமே சாய்கிறது. பிறர் சொல்லுக்கு வாங்குவதில் ஆபத்தும் உண்டு: 2021 தொடக்கத்தில் சமூக ஊடகப் பிரபலங்கள் பங்குகளின் பெயரைச் சொல்லிப் பரிந்துரைத்தபோது, சந்தை நிர்வாகமே எச்சரிக்க நேர்ந்தது. ஷரியா பட்டியல் தொழிலின் தகுதியைத்தான் சொல்கிறது. விலை ஏறுமா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. ஆண்டுக்கு இருமுறை அது திருத்தப்படுவதால், இன்று ஆகும் பங்கு அடுத்த திருத்தத்தில் நீங்கிவிடவும் கூடும்.