தமிழில் எச்டிஎம்எல் மின்னஞ்சல் வடிவமைப்பு

வலைப்பக்கம் எழுதும் அதே குறிமொழியில் நிறம், படம், பொத்தான் எல்லாம் வைத்து அமைக்கும் அஞ்சல் எச்டிஎம்எல் மின்னஞ்சல். எந்தச் செயலியில் திறந்தாலும் அமைப்பு குலையக்கூடாது என்பது உலகெங்கும் உள்ள தலைவலி. தமிழுக்கு அதற்கும் முந்திய கவலை ஒன்று இருந்தது: எழுத்தே குலையாமல் போய்ச் சேரவேண்டும்.

தொடக்கத்தில் மின்னஞ்சல் 7 பிட் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே சுமந்தது. 1992இல் நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வகுத்த மைம் நெறிமுறை பிற மொழிகளுக்கு வழிவிட்டது. வெற்று உரையும் எச்டிஎம்எல்லும் ஒரே அஞ்சலில் பயணிப்பதும் அதனால்தான். ஆனாலும் 1990களில் பலர் தமிழை ரோமன் எழுத்தில்தான் தட்டினார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள், திஸ்கி குறியாக்கம், 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் குறியாக்கங்கள் என்று வழிகள் பெருகின. அந்தந்தக் குறியாக்கத்துக்கான எழுத்துரு இல்லாதவர் திரையில் வந்து நின்றது கிறுக்கல்தான்.

யூனிகோடு அந்தக் குழப்பத்தை ஓயவைத்தது, ஆனால் சுமையைக் கூட்டியது. ‘பாலக்கோடு’ என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் 8 பைட். தமிழில் 9 குறியெண்கள், யுடிஎஃப்-8இல் 27 பைட். மைமின் ‘கோட்டட் பிரிண்டபிள்’ முறையில் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறியாவதால் அது 81 குறிகளாகிறது. அம்முறையில் ஒரு வரிக்கு 76 குறிதான் உச்சம். ஆக, தருமபுரி மாவட்டத்து இவ்வூரின் பெயர் ஒரே வரியில் அடங்காது! அஞ்சலின் தலைப்பு வரியில் அனுப்பும் மென்பொருள் எழுத்தின் நடுவே வெட்டிவிட்டால், அந்த இடத்தில் கேள்விக்குறிக் கட்டம் முளைக்கும். 102 கேபியைத் தாண்டும் அஞ்சலின் வாலை ஜிமெயில் மறைத்துவிடுவதால், நீண்ட தமிழ் மடல் அனுப்புவோர் தேவையற்ற எச்டிஎம்எல் குறிகளைக் களைவது அவசியம்.

அமைப்பின் கதை தனி. அவுட்லுக் 2007 அஞ்சலைக் காட்டும் வேலையை இன்டர்நெட் எக்ஸ்புளோரரிடமிருந்து பிடுங்கி வேர்டிடம் கொடுத்தது. வேர்டுக்குப் புதிய அமைப்பு முறைகள் பிடிபடாததால், சுமார் 600 பிக்சல் அகல அட்டவணைக்குள் அட்டவணை, ஒவ்வொரு குறியிலும் நேரடியாக எழுதிய ஸ்டைல் என வலைத்தளங்கள் கைவிட்ட பழைய முறை மின்னஞ்சலில் மட்டும் நிலைத்துவிட்டது. ஜிமெயிலும் திரைக்கேற்ப மாறும் ஸ்டைல் விதிகளை 2016இல்தான் ஏற்கத் தொடங்கியது.

சிக்கலுக்குப் பயந்து மடல் முழுவதையும் ஒரே படமாக்கி அனுப்பும் பழக்கமும் உண்டு. படங்களைத் தடுக்கும் செயலியில் அது வெறும் வெள்ளைக் கட்டம். தமிழை உரையாகவே வைத்து, விண்டோஸின் லதா, நிர்மலா எழுத்துருக்களை மாற்றாகக் குறித்து, பொத்தானுக்கு உயரம் வரையறுக்காமல் விடுவதே மேல். ‘பதிவுசெய்துகொள்ளுங்கள்’ போன்ற நீண்ட பொத்தான் சொல் கைபேசித் திரையில் இரண்டு வரியாக மடங்கினாலும் இடிக்காது.